மாலை கட்டிய இரும்பு

சோமசேகரம் வெள்ளிக்கிழமைகளில் இறங்கும் இடத்தில் பஸ் தரிப்பே கிடையாது. தம்பலகாமம் தாண்டி, கண்டி வீதி வாய்க்காலோடு ஒட்டித் திரும்புகிற வளைவு அது. கொண்டக்டர் பஹ்மிதான் அவருக்காக மணியடித்து நிறுத்துவான்.

வீதியைக் கடந்தால் இரும்புத் தடுப்பு. நடுவில் வயிறு தள்ளினமாதிரி வாய்க்கால் பக்கம் வளைந்திருக்கும். கந்தளாயில் ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, குறுக்கே வந்த யானைக்கு விலத்திய அவர்களின் வான் மோதிய இடம். வான் தண்ணீருக்குள் போகாமல் தடுப்பு பிடித்துக்கொண்டது. சாரதியும் பின்னாலிருந்த எல்லோரும் தப்பினார்கள், அவரும்தான். முன்னாலிருந்த அவர் மனைவி தயாளினி மட்டும் எழும்பவில்லை.

அன்றிலிருந்து அந்த இரும்பில் மாலை கட்டி, ஒரு மண் சிட்டி விளக்கு ஏற்றிவிட்டு, கந்தளாய் போய்த் திரும்பும் அதே பஸ்ஸில் வீடு போவார். இப்போது அழுகைகூட வருவதில்லை. அங்கே போகாமல் இருக்கவும் ஏலாது, போய்வர உடம்பில் தெம்புமில்லை.

அன்று அங்கே இரண்டு பேர் நின்றார்கள். மஞ்சள் அங்கி போட்டிருந்த கீர்த்தனி, வீதித் தடுப்புகள் பாதுகாப்பாக இருக்கின்றனவா என்று பார்க்க வந்த பொறியியலாளர். மற்றவர் தொழிலாளி அப்துல் மஜீத்.

“இந்தத் தடுப்பை இவ்வளவு நாளா ஏன் மாத்தேல்ல, மஜீத் நானா?” என்று கேட்டாள் கீர்த்தனி.

“ரெண்டு தரம் வந்தம், மிஸ். மாலையும் விளக்கும் இருக்கு. ஒரு ஆள் மௌத்தாகி உயிர் போன இடத்தில ஸ்பானர் வைக்க எவனுக்கு மனம் வரும்? மிஸ்ஸுக்குத் தைரியம் எண்டா மிஸ்ஸே கழட்டுங்க.”

கையில் மாலையோடு வந்த சோமசேகரத்தைக் கண்டதும் மஜீத் விலகி வழிவிட்டார்.

“ஐயா, இதை மாத்தவேணும்,” என்றாள் கீர்த்தனி.

“இதை விடுங்கோ பிள்ளை. பக்கத்தில புதுசு ஒண்டு போடுங்கோ. அவ கடைசியா இருந்த இடம்.”

அவள் தடுப்பின் தூணைப் பிடித்து அசைத்துக் காட்டினாள். ஆட்டம் கண்ட பல்லைப்போல் அது ஆடியது.

“உங்கட ஆக்களைப் பிடிச்சது இதுதான். ஒருக்காப் பிடிச்சதோட சரி, ஐயா. இனி ஒரு மோட்டச்சைக்கிளையும் தாங்காது.” பிறகு கீழே பார்த்தாள். தடுப்போரம் புல் செத்து, டயர்த் தடம் பதிந்திருந்தது. “இதில பஸ் நிக்கிறதோ? தரிப்பு இல்லையே.”

“எனக்காக நிக்கிறது.”

சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. சனம் மிதிபலகை வரை தொங்க, பஸ் இந்தத் தூண்களை உரசிக்கொண்டு ஒதுங்கும். பின்னால் வருகிற லொறி ஒன்று தட்டினால் போதும்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய மாலையின் கம்பி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். துருவேறி இறுகியிருந்தது. மஜீத் குறட்டோடு கிட்ட வந்தார்.

“விடுங்க சேர், நான் வெட்டுறன்.”

“வேண்டாம் தம்பி. குறட்டைத் தாரும்.”

பழையதைத் தானே வெட்டியெடுத்து, கொண்டுவந்த மாலையை வாய்க்காலில் விட்டார். முறையான பஸ் தரிப்பு வளைவுக்கு அப்பால், அவர் வீடிருந்த திருகோணமலைப் பக்கம் இருந்தது. வெயிலில் மெதுவாக நடந்துபோய் நின்றார்.

பஸ் வழக்கம்போல் வளைவில் வேகம் தணிந்தது. பஹ்மி தலையை வெளியே நீட்டி அவரைத் தேடினான். சோமசேகரம் கையைத் தலைக்கு மேலே தூக்கி, வா வா என்று ஆட்டினார்.

பஸ் அந்த வளைவில் நிற்காமல் அவரிடம் வந்தது.