கீறல் இல்லாத போட்டோ

இசைத்தட்டுப் பிரியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மொத்தம் பதினொரு பேர். விதி ஒன்றே ஒன்றுதான். இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், ஊசி அதன்மேல் இருக்க வேண்டும். அந்த நிலையில் எடுத்த போட்டோவைத்தான் போட வேண்டும். அலமாரியிலிருந்து உருவி மடியில் வைத்து எடுத்தால் செல்லாது. யாராவது அப்படிப் போட்டுவிட்டால், ரிட்டயரான கணக்கு வாத்தியார் மறுநிமிஷமே வந்து நிற்பார். "சார், நீங்க கேக்கறீங்களா, இல்ல தூசி தட்டறீங்களா?"

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கு அங்கே 'கண்ணாடி' என்றே பெயர். முப்பத்திரண்டு வருஷமாகப் பல் பிடுங்குகிறவர் வெறும் 'டாக்டர்'.

டாக்டர் லேசில் எதையும் இரவல் கொடுக்கிறவர் அல்ல. நாலு மாதத்துக்கு முன்னால் அவரே கடைக்கு வந்து, துண்டில் சுற்றிய ஒரு ரெக்கார்டைக் கண்ணாடியின் கையில் வைத்தார். ஒரு பெண் கலைஞரின் வயலின் தனி வாசிப்பு. சின்ன கம்பெனி, கொஞ்சம்தான் அச்சடித்தார்களாம்.

"இது என் மூத்த பொண்ணு மாதிரி. ஒரு வாரம்தான். சொல்லிட்டேன்."

"டாக்டர், உங்க சொந்தப் பொண்ணைக் கட்டிக்கொடுத்தப்போகூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க."

"அவ திரும்பி வந்துடுவான்னு தெரியும்" என்றார் டாக்டர்.

நாலாம் நாள் மாலை கண்ணாடி அதைச் சுற்றவிட்டு ஒரு போட்டோ எடுத்தார். அருமையாக வந்திருந்தது. கரிய தட்டில் ஜன்னல் வெளிச்சம் எண்ணெய் போல வழுக்கியது. குரூப்பில் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். நடுவிலிருந்த எழுத்து தெரிகிற மாதிரி இன்னொன்று எடுக்க ஆசை வந்தது. குனிந்தார். போன் கையிலிருந்து நழுவி ஊசிக்கையின் மேல் விழுந்தது. ஊசி தட்டின் குறுக்கே கிழித்துக்கொண்டு ஓடியது. அந்தச் சத்தத்தில் சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க உடைஞ்சுது?"

"ஒண்ணுமில்ல."

கடையில் லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார். இரண்டாவது பாட்டின் குறுக்கே முடி கனத்தில் சாய்வாக ஒரு கீறல். அவர் தொழிலில் அப்படி ஒரு லென்ஸ் வந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுவார்.

அதற்குள் குரூப்பில் முதல் போட்டோவுக்குப் பாராட்டு குவிந்திருந்தது. வாத்தியார் பொறாமையாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே டாக்டர்: "பொண்ணு பத்திரமா?"

கண்ணாடி "பத்திரம் டாக்டர்" என்று தட்டி அனுப்பினார். விரல்கள் அதைத் தாமாகவே செய்துவிட்டன என்றுதான் அப்போது அவருக்குத் தோன்றியது.

திருப்பிக் கொடுக்கும்போது நேரில் சொல்லிவிடலாம் என்று போனார். டாக்டர் முகமூடியும் கையுறையுமாக ஒரு நோயாளியின் வாய்க்குள் குனிந்திருந்தார். "மேஜையில வச்சிட்டுப் போங்க" என்றார் தலையைத் தூக்காமலே. வைத்துவிட்டு வந்தார். நாளைக்குச் சொல்லலாம். நாளைக்குக் கடையில் கூட்டம். மறுநாள் வேறொன்று.

பத்து நாள் கழித்து டாக்டரே போன் செய்தார்.

"கண்ணாடி, என் கை போச்சு."

"என்ன டாக்டர்?"

"அந்த வயலின் ரெக்கார்டைக் கெடுத்துட்டேன். ஊசியை வைக்கும்போது கை லேசாத் தடுமாறின மாதிரி இருந்துது. ரெண்டாவது பாட்டு வந்ததும் டக்கு டக்குன்னு அடிக்குது. எடுத்துப் பார்த்தா இவ்வளவு நீளத்துக்குக் கீறல்."

கண்ணாடி போனை மறு காதுக்கு மாற்றினார்.

"தப்பா நினைக்காதீங்க, முதல்ல உங்க மேலதான் சந்தேகம் வந்துது. குரூப்ல நீங்க போட்ட போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பொட்டு கீறல் இல்ல. சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிருங்க. எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் கை ஆட ஆரம்பிச்சுது."

சொல்வதற்கு அதைவிடத் தோதான நேரம் வராது. வாயைத் திறந்தார். "அப்படியா டாக்டர்" என்பதுதான் வந்தது.

அதன்பிறகு டாக்டர் குரூப்பில் போட்டோ போடுவதை நிறுத்தினார். பல் பிடுங்குவதையும் நிறுத்திவிட்டார் என்று கேள்வி. மூன்று மாதம் கண்ணாடி தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, ஓய்வெடுக்கட்டுமே. உழைத்தது போதாதா? ஒருநாள் ஷேவ் செய்யும்போது இதே வாதத்தை மறுபடி ஆரம்பித்து, நிலைக்கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் பாதியில் எழுந்து போனார்.

ஒரு சனிக்கிழமை டாக்டரின் மனைவி கடைக்கு வந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடியின் கம்பி தளர்ந்திருந்தது.

"டாக்டர் எப்படி இருக்கார்மா?"

"எப்படி இருக்கார்! தலைக்கு ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. 'மெஷினுக்கு என்ன தெரியும், ரெக்கார்டு பொய் சொல்லுமா'ங்கறார். காபி டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு, குடிக்காம அதையே பார்த்துக்கிட்டிருக்கார். திங்கக்கிழமை கிளினிக்கை வேற ஒருத்தருக்கு எழுதிக் கொடுக்கறார்."

கண்ணாடி திருகிக்கொண்டிருந்த திருகாணி மரை கழன்று சுற்றியது. புதிது போட்டுக் கொடுத்தார். அந்த அம்மாள் நன்றி சொன்னபோது அவருக்கு உடம்பு கூசியது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளினிக்குக்குப் போனார். அரை நாள்தான் திறந்திருக்கும். வெளியே கன்னம் வீங்கிய ஒரு பெண், வரவேற்பிலிருந்த அம்மாளிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"பிடுங்கறதுன்னா இங்க இல்லம்மா. எதிர்த்த தெருவுக்குப் போங்க."

"அங்க நாலு மணிக்குத்தான் வருவாங்களாம். உயிர் போகுதுங்க."

கண்ணாடி அவளைத் தாண்டி உள்ளே போனார்.

"பல்லா? உட்காருங்க" என்றார் டாக்டர். "பார்க்கத்தான் செய்வேன். கை வைக்க மாட்டேன்."

கண்ணாடி நாற்காலியில் சாய்ந்தார். தலைக்கு மேலிருந்த விளக்கு முகத்தில் விழுந்தது. வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். போன் நழுவியது, ஊசி கிழித்தது, பத்திரம் என்று அனுப்பியது, எல்லாம்.

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போட்டோ சுத்தமா இருந்துதே?"

"அது விழறதுக்கு முன்னாடி எடுத்தது டாக்டர்."

"நான் போன்ல சொன்னப்போ?"

"சொல்லியிருக்கணும்."

"ரெக்கார்டு கிடக்குது, விடுங்க. மூணு மாசத்துல எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா? எங்கப்பா சோத்தைக் கொட்டிக்கிட்டு அழுதது கண்ணு முன்னாடியே நின்னுது. தினமும்."

வலது கையை விளக்கின் கீழே நீட்டினார்.

"பாருங்க. உங்க கண்ணுக்குத்தான் எதுவும் தப்பாதே. ஆடுதா?"

ஆடவில்லை என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. விரல் நுனிகளை உற்றுப் பார்த்தார்.

"லேசா ஆடுது டாக்டர்."

"கோபத்துலயா, நிஜமாவேவா? இதையே பார்த்துப் பார்த்து எனக்கே தெரியல. முன்னாடி எப்படி இருந்துதுன்னும் மறந்துபோச்சு." கையை மடக்கிக்கொண்டார். "எழுந்திருங்க. அது நோயாளிங்க உட்கார்ற இடம்."

கண்ணாடி எழுந்தார். டாக்டர் கைகழுவப் போனார். குழாயடியிலிருந்து குரல் கேட்டது.

"வெளியே பல்வலின்னு கெஞ்சிக்கிட்டிருந்த அந்தம்மா போயிட்டாங்களா? இருந்தா உள்ள அனுப்புங்க."

வரவேற்பு அம்மாள் நம்பாமல் எட்டிப் பார்த்தாள். "பிடுங்கற கேஸ் டாக்டர்."

"தெரியும். அனுப்புங்க."

கன்னத்தைப் பிடித்தபடி அந்தப் பெண் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடி வாசல்வரை போனார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உங்க வேலை முடிஞ்சுதே சார்?" என்றாள் வரவேற்பு அம்மாள்.

"கொஞ்சம் இருந்துட்டுப் போறேன்மா."

உள்ளே இரும்புத் தட்டில் ஏதோ வைக்கிற சத்தம். டாக்டர் மெல்லப் பேசுகிற சத்தம். பிறகு சத்தமே இல்லை. அந்தப் பெண் ஒருமுறை முனகினாள். கண்ணாடி தன் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

இருபது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. அவள் பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தாள். கண்ணாடி எழுந்து நின்று, முன்பின் தெரியாத அந்த முகத்தில் வாயோரம், தாடை, கண் என்று ஒவ்வொன்றாகத் தேடினார்.

"என்னங்க?" என்றாள் அவள், பஞ்சுக்கு நடுவே.

"இல்ல… வலிச்சுதாம்மா?"

"மரத்துப்போயிருக்குங்க" என்றாள். "சாயங்காலம்தான் தெரியும்."