கறுத்த துண்டு

விடியும் முன்பே பாய்லர் சீறத் தொடங்கிவிடும். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு உதறி, கொதிக்கும் இஸ்திரி உருளைக்குள் செலுத்த வேண்டும். ஒரு முனை என் கையில், மறுமுனை மாமியார் கையில். போன மழைக்காலம் வரை அந்த முனையை என் மனைவி பிடித்திருந்தாள். ஆவி அடர்ந்தால் எதிரே நிற்பவரின் விரல்கள் மட்டும்தான் தெரியும். தாய்க்கும் மகளுக்கும் ஒரே விரல்கள். நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

புது முதலாளி வந்ததும் நரைத்தவர்களைக் கழித்தார். "வயசானா கை ஓடாது" என்றார். அதன்பின் சலவைக்கூடத்தில் யாருக்கும் நரையே இல்லை. யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அத்தைக்குச் சாயம் பூசிவிட்டது மகள்தான். இப்போது அவரே பூசிக்கொள்கிறார். பின்னந்தலை கண்ணுக்கு எட்டாது. சரியாக அலசவும் முடியாது.

அன்று கூடைமேல் குனிந்தபோது அவர் காதோரம் சாயம் வழிந்து சொட்டியிருக்கிறது. விரிப்பில் கறுப்புக் கறை. முதலாளி கண்ணில் பட்டுவிட்டது.

"யாரோட தலை இது?"

முதலாளி ஒரு வெள்ளைத் துண்டை நனைத்துப் பிழிந்தார்.

"வரிசையா நில்லுங்க. ஒவ்வொரு தலையா துடைச்சுப் பாக்குறேன். சாயம் போனா ஆளும் போகணும்."

அத்தை என் பக்கம் சாய்ந்தார். "மாப்ளே, நீங்க பேசாம இருங்க. வீட்ல ஒருத்தராவது சம்பாதிக்கணும்."

அதற்குள் இஸ்திரிக்கார மீசை முன்னால் வந்துவிட்டார். "என்கிட்ட ஆரம்பிங்க முதலாளி. மீசையையும் சேத்துத் தேய்ங்க. அதுக்கு ரெண்டு கோட்டிங்."

துண்டு கறுத்தது. யாரோ சிரித்தார்கள். விரிப்பு மடிக்கும் அக்கா நெற்றியைக் காட்டினார். அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். துண்டு மேலும் கறுத்தது.

"இத்தனை பேரும் என்னை ஏமாத்தியிருக்கீங்க!"

"நேத்து வரைக்கும் இந்தக் கை ஓடுச்சா இல்லையா?" என்றார் அத்தை. "துண்டு கறுத்ததும் நின்னுடுமா?"

"சாயம் போனவங்க எல்லாம் வெளிய போங்க. மத்தவங்க வேலையைப் பாருங்க."

என் மனைவியின் மேலங்கி இன்னும் கொக்கியில் தொங்குகிறது. அதில் காய்ந்த சாயத்தில் அவள் கட்டைவிரல் தடம். அவளுக்கு நரைக்கவே இல்லை.

நான் உருளையை நிறுத்தினேன்.

"உனக்கென்னடா? படிச்சவன். வயசு கிடக்கு."

"உசிரோட இருந்தா எனக்கும் நரைக்கும் சார்."

அடுத்த உருளையும் நின்றது. ஆவி கலைந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் கறைபட்ட விரிப்பின் ஒரு முனையை எடுத்து, மறுமுனையை என்னிடம் நீட்டினார். கை பழக்கத்தில் பிடித்துக்கொண்டது. வாசலை மறித்து விரித்து உட்கார்ந்தோம். எனக்கும் அத்தைக்கும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டிருந்தோம்.

"ஆளுங்களை வரச் சொல்லி வெளியேத்துவேன்!" முதலாளி உள்ளிருந்து கத்தினார்.

கரி படிந்த முகத்தோடு பாய்லர்காரர் வெளியே வந்தார். அவர் பின்னால் இன்னும் சிலர்.

"தள்ளுங்கப்பா, ஆள் வருது" என்றார் மீசை.

அத்தை என்னைப் பார்த்தார். ஒருவரை ஒருவர் நெருங்கி நகர்ந்து இடம் கொடுத்தோம்.