பஸ் பிரேக்

தெரு நடனம் ஆடுகிறவர்கள் உலகம் பூராவும் ‘லவெல் சாய்வு’ என்று ஓர் அசைவை ஆடுகிறார்களே, அது என்னுடையது. வெர்னெட்டாவாகிய நான் உண்டாக்கியது. ஐம்பது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று லவெல் அதை பாரிஸுக்கும் ஒசாகாவுக்கும் போய் வாரி வழங்கிவிட்டு வந்தான்.

நாங்கள் ஓக்லாந்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். எங்கள் ஊர் பூகாலூ ஆட்டத்தைத் தெருமுனையில் முதன்முதலில் ஆடிய கூட்டத்தில், இன்றைக்கும் முட்டி மடங்குகிறவர்கள் நாங்கள் இருவர்தான். சனிக்கிழமை காலையில் பூங்கா மண்டபத்தில் சேர்ந்து சொல்லிக்கொடுக்கிறோம். தங்கமான மனுஷன், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது தினமும் சோறும் பீன்ஸும் கொண்டுவந்து கொடுத்தவன். இந்த ஒரு விஷயத்தில்தான் அவனுக்கு அப்படியொரு பிடிவாதம்.

அந்த அசைவு பிறந்த கதை இதுதான். எனக்குப் பதினாறு வயது. அம்மா சொன்ன கீரையையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் வாங்கி, பையை வலது கையில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். டிரைவர் போட்டான் பாருங்கள் ஒரு பிரேக். பை இழுத்த இழுப்பில் வலது தோள் சரிந்து, இடுப்பு பின்னால் போய், முட்டி மடங்கி, விழ வேண்டியவள் அப்படியே சிலை மாதிரி நின்றுவிட்டேன். நின்றது எனக்கே பிடித்திருந்தது. அந்த வாரமே பள்ளிக்கூட விழாவில் சுற்றி நின்றவர்களின் வட்டத்துக்குள் இறங்கி ஆடிக்காட்டினேன். பஸ் பிரேக் என்று பெயரும் வைத்தேன். எனக்கு நேர் எதிரே லவெல் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தான்.

எங்கள் கூட்டத்தில் அடுத்தவர் அசைவைத் திருடினவன் என்பதைவிடக் கேவலமான வசவு கிடையாது. ஆகவே நான் வாயைத் திறந்தாலே அவன் முகம் சுருங்கிவிடும். அது தனக்குத் தானாக வந்தது என்பான். ஆதாரம் இருக்கா தங்கச்சி என்று கேட்பான். மனசார நம்பிக்கொண்டு கேட்பான், அதுதான் கொடுமை.

போன சனிக்கிழமை ஸ்வீடனிலிருந்து துவா என்றொரு பெண் காமிராவோடு வந்தாள். பழைய அசைவுகளை, எது யார் உண்டாக்கியது என்ற விவரத்தோடு பதிவுசெய்து தங்கள் ஊர் நடனப் பள்ளியில் வைக்கப்போகிறாளாம். அதில் ஏறுகிற பெயர்தான் இனி நிற்கும். ஆனாலும் வந்த பெண்ணின் முன்னால் சண்டை போட மனசில்லாமல், ஓரமாக உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

லவெல் தன் அசைவுகளை ஒவ்வொன்றாக ஆடிக்காட்டினான். கடைசியில் அந்தச் சாய்வு. துவா காமிராவை இறக்கினாள்.

“மத்ததெல்லாம் வலது பக்கம் ஆரம்பிக்கிறீங்க. இது மட்டும் ஏன் இடது பக்கம்?”

லவெல் மறுபடி ஆடிப் பார்த்தான், இடதுதான் வந்தது.

எனக்குச் சுரீரென்றது. அடி மடச்சி, அவன் இடது பக்கம் ஆடுவதை வெறும் கோணங்கித்தனம் என்றுதானே இத்தனை வருஷம் நினைத்திருந்தாய்! எழுந்துபோய் அவனுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு பாட்டைப் போடச் சொன்னேன். எங்களுக்குள் எந்த வழக்கும் வாயால் தீராது, ஆடித்தான் தீரும். என் வலது தோள் சரிந்தது, அவனுடைய இடது தோள் சரிந்தது. இடுப்பு, முட்டி, நிற்கிற நிலை, எல்லாமே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது. எதிரே நின்று பார்த்துக் கற்கிறவன் வலதை இடதாக எடுத்துக்கொள்வான். புதிதாக வருகிறவர்களை முதல் நாளே நாங்கள் எச்சரிக்கிற தப்பு அது.

லவெல் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அன்னைக்குப் பையில என்ன இருந்துச்சுன்னு சொன்ன?”

“கீரை. அப்புறம் கிழங்கு.”

சிரிக்க ஆரம்பித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு காமிரா பக்கம் திரும்பினான்.

“பதிஞ்சுக்கம்மா. இது வெர்னெட்டாவோடது. பேரு பஸ் பிரேக். நான் திருடினவன். அதையும் உருப்படியாத் திருடத் தெரியாதவன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த திட்டுகளில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

பிறகு வகுப்பு முழுவதையும் வலது பக்கம் மாற்றினேன். பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமும் சரிந்து, ஒருவர்மேல் ஒருவர் மோதி, மண்டபம் சந்தைக்கடையானது. லவெல் தானாகவே போய்க் கடைசி வரிசையில் நின்றான். அங்கேயும் இடது பக்கம் சரிந்து பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த தபால்காரரை இடித்தான். பிறகு கையைத் தூக்கினான்.

“மாஸ்டர், கொஞ்சம் மெதுவா ஆடிக் காட்டுங்க.”

“பஸ்ஸு என்ன, சொல்லிட்டா பிரேக் போட்டுச்சு?” என்றேன்.

ஆனாலும் இந்தத் தடவையாவது ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளட்டும் என்று, அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, மெதுவாகவே ஆடினேன்.