நாலு மணி நேரப் பிள்ளை

தனலெட்சுமி பிறந்த நாற்பத்திரண்டாம் நாள், அவளுடைய அப்பா ஐயாசாமி ஜொகூர் பாருவிலிருந்து ரயிலில் வந்து பெக்கோக்கில் இறங்கினார். மகளுக்கு ஒரு சொக்காயோ கிலுகிலுப்பையோ அவர் வாங்கி வரவில்லை. ஒரு மேசைக் கடிகாரமும், பழைய புத்தகக் கடையில் கிடைத்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றும் கொண்டுவந்தார். குழந்தை வளர்ப்புப் புத்தகம். எழுதியவர் சீமையில் பெரிய டாக்டராம். அவர் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

பெக்கோக்கிலிருந்து ஆறு மைல் உள்ளே ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் ஐயாசாமி டிரெசர், அதாவது மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் உதவியாள். நிஜ டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரி ஐயாசாமியின் ராஜ்ஜியம். காய்ச்சலுக்குக் கொயினா, வயிற்று வலிக்கு விளக்கெண்ணெய், இரண்டுக்கும் அடங்காத நோய்க்குப் புத்திமதி என்று மூன்று மருந்தை வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் ஓட்டியிருந்தார். இப்போது நாலாவதாகக் கடிகாரம் சேர்ந்தது.

“இந்தா ராஜம்மா, நல்லாக் கேட்டுக்க” என்றார், சட்டையைக்கூடக் கழற்றாமல். “காலையில ஆறு, பத்து. மத்தியானம் ரெண்டு. அப்புறம் சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து. இந்த நேரத்துலதான் பிள்ளைக்குப் பால். நடுவுல ஒரு சொட்டு கூடாது.”

“நடுவுல அழுதா?”

“அழட்டும். அழுதா நுரையீரல் விரியும்.”

“எதுக்குங்க அவ்வளவு விரியணும்? கங்காணி வேலைக்கா அனுப்பப் போறோம்?”

ஐயாசாமி பக்கங்களைப் புரட்டினார். புத்தகத்தில் அந்தக் கேள்விக்குப் பக்கம் இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடிகாரம் அலறியது. ராஜம்மா பால் கொடுத்தாள். எட்டு மணிக்கு, கடிகாரத்தைவிடப் பலமாகத் தனலெட்சுமி அலறினாள். ஐயாசாமி தூளிக்குள் எட்டிப் பார்த்து, “நுரையீரல் முதல் தரம்” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அவர் முதுகு வேலியைத் தாண்டும்வரை ராஜம்மா வாசலில் நின்று பார்த்தாள். தாண்டியதும் கதவைச் சாத்தினாள். குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வீடு அமைதியாகிவிட்டது.

மத்தியானம் திரும்பி வந்தவர் தூங்கும் மகளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

“பார்த்தியா?”

“பார்த்தேங்க” என்றாள் ராஜம்மா.

அவள் பொய் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கெட்டிக்கார மனுஷரோடு குடித்தனம் நடத்த ஒரு வாயும் இரண்டு மூடியும் வேண்டும் என்பதைக் கல்யாணமான முதல் வருஷத்திலேயே அவள் கண்டுகொண்டிருந்தாள். இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் நடுவே ஒரு தொந்தரவும் இல்லை. ஐயாசாமியின் குறட்டைக்கு நுரையீரல் எப்போதோ விரிந்துவிட்டது. மகள் சிணுங்கினால் அவர் காதில் விழாது.

இப்படியாகத் தனலெட்சுமி இரண்டு விதமாக வளர்ந்தாள். ஒருத்தி புத்தகத்தில் வளர்ந்தாள், இன்னொருத்தி ராஜம்மாவின் மடியில்.

இரண்டாம் மாதத்தில் முதல் சிரிப்பு வந்தது. ராஜம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, பல்லில்லாத வாய் காது வரைக்கும் கிழிந்திருந்தது. ஓடிப்போய்க் கணவரைக் கூட்டிவந்தாள். அவர் பக்கத்தைப் புரட்டி, “இது சிரிப்பில்ல, வாயு” என்றார். ஆஸ்பத்திரி டிரெசரைப் பார்த்து ஊரில் வேறு யாரும் அவ்வளவு வாயோடு சிரித்ததில்லை என்பதால் அவருக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம்.

நாலாம் மாதம் குழந்தை குப்புற விழுந்தது. அது ஐந்தில்தான் நடக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னதால், பலகைத் தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று ஐயாசாமி பளிங்குக் குண்டை உருட்டிப் பார்த்தார். குண்டு உருளவில்லை. “கொசு கடிச்சிருக்கும், புரண்டிருக்கா” என்று முடிவு கட்டினார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் தனலெட்சுமி தன் காலைக் கண்டுபிடித்தாள். அதுவரை எங்கோ கீழே கிடந்த ஐந்து விரல்கள் திடீரென்று முகத்துக்கு எதிரே வந்து நின்றன. யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தாள். பிறகு பிடித்தாள். பிடித்ததும் தனக்கே உறைத்தது போல, கண் அகன்றது. உறவு தெரிந்ததும் வாயில் வைத்துக்கொண்டாள். ராஜம்மா உலை பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இதை அவள் கணவரிடம் சொல்லவில்லை. காலைக் கண்டுபிடிக்க எந்த மாதம் என்று அவர் தேடப் போவார்.

ஆனால் ஒன்றை ஐயாசாமி கண்ணால் பார்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஆஸ்பத்திரித் தராசில் மகளை வைப்பார். ஒவ்வொரு ஞாயிறும் முள் நகர்ந்தது. கன்னம் இரண்டும் பணியாரம்போல உப்பின. பெருமையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னார், கடைக்காரச் சீனனிடம் சொன்னார், கடைசியில் தோட்டத்துத் துரையிடமே இங்கிலீஷில் சொன்னார்.

துரைக்குப் பிள்ளைகள் கிடையாது. மூன்று நாய்கள் உண்டு. நாய்களுக்கும் நேரப்படிதான் சாப்பாடு என்பதால் விஷயம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் யோசித்தது வேறு. கித்தா மரத்தைக் கீறிப் பால் எடுக்கும், தோட்டத்துப் பேச்சில் மரம் வெட்டும், பெண்கள் விடியுமுன்னே கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுக் கித்தாக் காட்டுக்குப் போவார்கள். நடுவில் இரண்டு தடவை ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் எவ்வளவு வேலை கெடுகிறது! டிரெசர் பிள்ளை நாலு மணி நேரம் தாங்கினால், வேலைக்காரர் பிள்ளை ஆறு மணி நேரம் தாங்கும். ஏழைப் பிள்ளைகளுக்குப் பொறுமை அதிகம் என்பது துரையின் கணக்கு.

“ஆறு மணி நேரமா, சார்?” என்று கேட்க ஐயாசாமி வாயைத் திறந்தார். வெளியே வந்தது “யெஸ் சார்” மட்டும்தான்.

அடுத்த திங்கட்கிழமை பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும்போதே, கங்காணி உத்தரவைப் படித்தான். இனிமேல் வேலை முடியும்வரை பால் கொடுக்கும் தாய்கள் காட்டைவிட்டு வரக் கூடாது.

இது எதுவும் ராஜம்மாவுக்குத் தெரியாது. புதன்கிழமை மத்தியானம் கொல்லைக் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தாள். மரம் வெட்டும் வெள்ளையம்மா நின்றிருந்தாள். இடுப்பில் அவள் மகன் சின்னத்தம்பி. தனலெட்சுமிக்கு ஒரு வாரம் மூத்தவன். வெள்ளையம்மாவின் ரவிக்கை முன்பக்கம் பால் கட்டி ஒழுகி நனைந்திருந்தது.

“டிரெசரம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள். “கோவிச்சுக்கக் கூடாது.”

“உள்ள வா. என்ன?”

“ஒங்க புள்ள நேரத்துக்குத்தான் குடிக்குமாமே? அதை எப்படிம்மா பழக்குனீங்க? ஒங்க புள்ளயக் காட்டித்தான் தொர, ஆறு மணி நேரம் வேல முடியிற மட்டும் நாங்க புள்ளகிட்ட வரக் கூடாதுன்னுட்டாரு. எம்புள்ள மூணு நாளாக் கத்திக் கத்தித் தொண்டையே அடைச்சுப் போச்சு. கொட்டகையில காளியம்மா ஆயா கஞ்சித் தண்ணியத் தொட்டு வைக்கிறா, துப்புறான். காட்டுல எனக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாட்டம் நிக்குது. பீச்சி மரத்தடியில ஊத்திட்டு வர்றேன். கித்தா மரத்துக்கு எதுக்கும்மா என் பாலு?”

சின்னத்தம்பி அழவில்லை. அழுது முடித்த பிள்ளையாக, தலையைத் தாயின் தோளில் சாய்த்துச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். ராஜம்மாவுக்குத் துரையின் உத்தரவும் அதன் வேரும் அப்போதுதான் புரிந்தன.

அந்த நேரம் பார்த்துத் தூளிக்குள் தனலெட்சுமி சிணுங்கினாள். ராஜம்மாவின் கை அவளைக் கேட்கவில்லை. குழந்தையை எடுத்தது, மாராப்பை விலக்கியது, அணைத்தது. நாலு மாதப் பழக்கம். குழந்தை குடிக்கத் தொடங்கிய பிறகுதான் எதிரில் ஒருத்தி நிற்பது நினைவுக்கு வந்தது.

வெள்ளையம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. மேசைமேல் இருந்ததைக் காட்டி, “இப்ப மணி என்னம்மா?” என்று கேட்டாள்.

“நாலுகூட ஆகல” என்றாள் ராஜம்மா.

“எத்தனைக்குக் குடுக்கணும்?”

“ஆறுக்கு.”

வெள்ளையம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், குடிக்கிற குழந்தையைப் பார்த்தாள். திட்டியிருந்தால் ராஜம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“சரிம்மா. தெரிஞ்சுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு மகனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ராஜம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கணவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்: ‘தப்பு முறையில இல்ல, உங்கிட்ட.’ அவருக்கு வாய்ச்சொல் பத்தாது. தராசில் முள் நகர்வதைப் பார்த்தால்தான் நம்புகிற ஆள். ஆகவே அவள் நல்ல மனைவியாக நடந்துகொள்வது என்று தீர்மானித்தாள். கல்யாணமாகி முதல் தடவையாகக் கணவர் சொல்லை ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்கப்போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை அவர் கையில் வைத்தாள். “இன்னைக்கு ஒங்களுக்கு வேலையில்ல. பத்து மணிவரைக்கும் நீங்களே பாத்துக்கங்க. கடிகாரம் இருக்கு.”

“இதுல பாக்க என்ன இருக்கு?” என்றார் ஐயாசாமி.

எட்டு மணிக்குத் தனலெட்சுமி முதலில் சிணுங்கினாள். ஐயாசாமி புன்னகை செய்தார். எட்டேகாலுக்கு வீறிட்டாள். நுரையீரலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். சத்தத்தில் அது கேட்கவில்லை. எட்டரைக்கு, தூக்கக் கூடாது என்ற விதியைத் தள்ளிவிட்டுத் தூக்கினார். தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். வாசலில் நின்ற சேவலைக் காட்டினார். நெஞ்சுச் சத்தம் கேட்கும் குழாயைக் கொடுத்து ஆட்டினார். தெரிந்த ஒரே தேவாரத்தைப் பாடினார். அதைக் கேட்டுக் குழந்தை இன்னும் பலமாக அழுதது. அந்த விஷயத்தில் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

ராஜம்மா முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வீறலுக்கும் மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. ரவிக்கை நனைந்தது. எழுந்திருக்காமல் இருக்க முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆய்ந்த கீரையில் பாதி காம்பாக இருந்தது.

ஒன்பது மணிக்கு ஐயாசாமி மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காதுக்குள் விளக்கடித்தார். வயிற்றைத் தட்டினார்.

“ராஜம்மா, பிள்ளைக்கு உடம்புக்கு என்னமோ ஆயிருச்சு. இதுக்கு முன்னாடி இப்படி அழுததே இல்லையே!”

“இதுக்கு முன்னாடி இப்படிப் பட்டினி கெடந்ததும் இல்லைங்க.”

அவர் நின்றார். குழந்தையின் வாய் அவர் சட்டைப் பொத்தானைத் தேடிக் கவ்வி, ஒன்றும் வராமல், மறுபடி அலறியது.

“அப்ப… இத்தனை மாசமா?”

“எப்ப அழுதாளோ அப்ப.”

“குடு” என்றார்.

“மணி ஒம்பதேகால்தான் ஆவுது.”

“குடுடின்னா!”

ராஜம்மா வாங்கிக்கொண்டாள். அழுகை பாதியில் அறுந்து, விக்கலாகி, விழுங்கும் சத்தமாக மாறியது. அந்தச் சத்தத்தை ஐயாசாமி சுவரோரம் உட்கார்ந்து கேட்டார். ஒன்பது வருஷத்தில் அவர் வாயில் புத்திமதி இல்லாமல் இருந்தது அன்றுதான்.

“நம்ம பிள்ள மூணு மணி நேரம் தாங்குச்சு” என்றாள் ராஜம்மா, குழந்தையின் தலையைத் தடவியபடி. “கொட்டகையில பதினோரு பிள்ளைங்க. அதுங்களுக்கு ஆறு மணி நேரம். நான் பயந்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்ததால வந்த வினை அது. ஒங்க பெருமையாலயும்.”

ஐயாசாமி சாப்பிடவில்லை. மத்தியானம் கொட்டகைப் பிள்ளைகளை எல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். பதினொன்றில் ஒன்பது போன மாதத்தைவிட எடை குறைந்திருந்தன. சின்னத்தம்பியை இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். முள் மாறவில்லை.

மறுநாள் துரை ஆபீசுக்குப் போய் எடைக் கணக்கைக் காட்டி, உத்தரவை எடுத்துவிடச் சொன்னார். துரை, “ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம்” என்றார். பழக்க தோஷத்தில் ஐயாசாமியின் வாய் “யெஸ்” வரைக்கும் போய்விட்டது. “சார்” வருவதற்குள் நிறுத்திக்கொண்டார். “இல்லை” என்றார். ஒரு பிள்ளை செத்தால் சர்க்காரிலிருந்து வந்து ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரைக் கேட்பார்கள், அதில் இந்த எடையெல்லாம் தன் கையெழுத்தோடு இருக்கும், தன்னால் அழிக்க முடியாது என்றார்.

துரை பைப்பைக் கடித்தார். அவர் இறங்கிவர ஒரு படி வேண்டும் என்று ஐயாசாமிக்குத் தோன்றியிருக்க வேண்டும். “சீமை முறை இந்தச் சூட்டுக்கு ஒத்துவரவில்லை, சார்” என்றார். துரை உடனே தலையாட்டினார். பதினோரு வருஷமாகத் தன் சோம்பலுக்கும் கோபத்துக்கும் மாலையில் குடிக்கும் விஸ்கிக்கும் அவர் சூட்டைத்தான் காரணம் சொல்லிவந்தார். பிள்ளைகளுக்கும் சூடுதான் காரணம் என்பதில் அவருக்கு என்ன ஆட்சேபணை இருக்க முடியும்?

உத்தரவு ரத்தானது. வேலைக்காரர் குடியிருந்த லயத்தில் எல்லோரும் டிரெசர் ஐயாவைக் கொண்டாடினார்கள். துரையை எதிர்த்துப் பேசிய ஒரே மனுஷன்! கங்காணி வீட்டிலிருந்து கோழி வந்தது. ஐயாசாமி கோழியைச் சாப்பிட்டார். ஆனால் பாராட்டு வரும்போதெல்லாம் பேச்சை மழைக்கு மாற்றினார். அது அவர் வரையில் பெரிய முன்னேற்றம் என்பதால் ராஜம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் மகளைத் தூக்கிக்கொண்டு முதல் தடவையாக ஆயாக் கொட்டகைக்குப் போனாள். கிராணி, டிரெசர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே போகிற வழக்கமில்லை. காளியம்மா ஆயா ஒன்றும் கேட்காமல் பாயை விரித்துத் தனலெட்சுமியைச் சின்னத்தம்பிக்குப் பக்கத்தில் கிடத்தினாள்.

தன் அளவில் இன்னொரு மனுஷர் உலகத்தில் உண்டென்பது தனலெட்சுமிக்கு அதுவரை தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவனும் பார்த்தான். பெரியவர்கள் இவ்வளவு நேரம் முகத்துக்கு முகம் பார்த்தால் ஒன்று சண்டை வரும், இல்லாவிட்டால் கல்யாணம் வரும். தனலெட்சுமி கையை நீட்டி அவன் காதைப் பிடித்துத் தன் வாய்க்கு இழுத்தாள். அவன் கத்தினான். அவன் கத்துவதைக் கேட்டு, கடிபட்டவள் தானே என்பதுபோல் அவளும் கத்தினாள்.

காட்டிலிருந்து பால் கொடுக்க ஓடிவந்த வெள்ளையம்மா வாசலில் நின்று இதைப் பார்த்தாள். ராஜம்மா எழுந்துகொண்டாள். என்ன சொல்வதென்று வழி நெடுகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

“ஒம் மகனை எம் மக கடிச்சுட்டா” என்றாள்.

“பல்லு இருக்கா?”

“இன்னும் இல்ல.”

“அப்பப் பரவால்ல” என்றாள் வெள்ளையம்மா. மகனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். பிறகு, சிரிக்காமலே, இன்னொருத்தி உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டாள்.