வெட்டி எறிந்த கம்பு

கிருஷ்ணகுமாரி ஒரு சப்பாத்தைப் போட்டுவிட்டு மற்றதைக் கையில் வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். வாசலடிக் கதிரையில் அப்படியே ஒரு குட்டித் தூக்கம். வெளியே ஒஸ்லோவின் மாசி மாதத்துக் காலை இருட்டு. வேலை தொடங்க இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது. ஆனால் இப்போதே இறங்கினால்தான் இரண்டு பஸ் பிடித்துப் போய்ச் சேரலாம்.

முன்பு இந்த வில்லங்கம் இல்லை. அடுக்குமாடிக்குப் பின்னால் தொடங்கும் காட்டுப் பாதையால் நடந்தால், அவள் வேலை செய்யும் முதியோர் இல்லம் கூப்பிடு தூரம். இரண்டு கிழமையாக அந்தப் பாதையில் அவள் கால் வைக்கவில்லை. காட்டில் பூமா என்ற பெரிய காட்டுப்பூனை திரிகிறதாம். அப்படிச் சொன்னவன் வேறு யாருமல்ல. குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்ற அவள் புருஷன் பிலேந்திரன்தான்.

"இஞ்சாருங்கோ," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "இண்டைக்கு எங்கடை இல்லத்து லீடர் என்னோடை கதைக்கிற நாள். நிரந்தர வேலை தாறதோ இல்லையோ எண்டு இண்டைக்குத்தான் சொல்லுவா. போன கிழமையும் பஸ்ஸாலை பிந்திப் போனன். இண்டைக்கும் பிந்தினா மனிசி கதைக்க மாட்டா, கதவைத்தான் காட்டுவா."

"நேரத்தோடை இறங்குறீர்தானே."

"அந்த ரெண்டாவது பஸ்ஸை நம்பேலாது. இண்டைக்கு மட்டும் காட்டாலை போகட்டோ?" இப்போது அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உண்மையா அது பூமாதானோ?"

அந்தக் கேள்விக்கு ஒரு சொல் போதும். அது பிலேந்திரனின் தொண்டை வரை வந்தது. தேத்தண்ணீரோடு சேர்த்து விழுங்கினான்.

"கண்டதைத்தானே சொன்னனான். நீர் பஸ்ஸிலையே போம்."

"உங்கடை பூமாவுக்கு வேலை வெட்டி இல்லை. எனக்கெல்லோ இருக்கு." சப்பாத்துக்கு அடியில் பனியில் வழுக்காமல் இருக்க மாட்டும் முள்ளுப் பட்டையை இழுத்துப் பூட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

பிலேந்திரன் கதிரையில் விழுந்தான். அவனுக்கு அன்று பின்னேர வேலைதான். ஆனாலும் தூக்கம் வராது என்று தெரியும்.

அவன் பஸ் சாரதி. இரண்டு கிழமைக்கு முந்திய ஒரு மத்தியானம், காட்டோரத்துக் கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இருந்தபோதுதான் அது நடந்தது. தூரத்தில் பனிக்கு மேலே ஒரு மிருகம் மெல்ல நடந்து போனது. புள்ளி இல்லாத மண்ணிற உடம்பு. சின்னத் தலை. நீண்டு தடித்த வால். நோர்வேக் காடுகளில் கௌப்ப என்றொரு காட்டுப்பூனை உண்டுதான். அதற்குக் குட்டை வால், காதில் மயிர்க் குஞ்சம். இது அதில்லை. அதற்கு முதல் நாள்தான் அமெரிக்க மலைகளில் திரியும் பூமாவைப் பற்றித் தொலைக்காட்சியில் பார்த்திருந்தான். பரபரவென்று போனை எடுத்தான். இழுத்துப் பெருப்பித்து ஒரு படம்.

படத்தின் ஓரத்தில் ஒரு கம்பு நின்றது. பனி தள்ளுகிற வண்டிக்கு வீதியின் விளிம்பு தெரிவதற்காக நட்டு வைக்கும் கம்பு. படத்துக்கு அது வடிவில்லை என்று பட்டது. போனிலேயே அந்த ஓரத்தை வெட்டினான். கம்பு போனதும் மிஞ்சியது வெள்ளைப் பனியும் மிருகமும் மட்டும். பக்கத்தில் வைத்து அளவு பார்க்க ஒரு கல் கூட இல்லை. மிருகம் பார்ப்பவர் மனத்துக்கு ஏற்றபடி வளரத் தொடங்கியது.

தமிழ் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். "பூமா மாதிரிக் கிடக்கு. சரியோ பிழையோ தெரியாது, எல்லாரும் கவனம்."

"எவ்வளவு பெரிசு அண்ணை?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒரு கண்டுக்குட்டி அளவு வரும்."

பின்னேரத்துக்குள் 'மாதிரி' உதிர்ந்து போனது. அடுத்த நாள் அது ஸ்வீடனில் யாரோ கூட்டில் வளர்த்துத் தப்பி வந்த பூமா ஆனது. தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் தாய்மார் பிலேந்திரனைச் சுற்றி நின்று கேட்டார்கள். கோயிலில் ஆட்கள் எழும்பி இடம் விட்டார்கள். இத்தனை வருடம் பஸ் ஓடியவனிடம் "இது எங்கை நிக்கும்?" என்பதைத் தவிர ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது அவன் வாயைத் திறந்தால் மண்டபம் அடங்கியது. அந்த ருசி பொல்லாதது.

மூன்றாம் நாள் அதே தரிப்பில் இறங்கி அந்தக் கம்பருகில் போய் நின்றான். போனில் வெட்டாத படம் இருந்தது. அதில் மிருகத்தின் முதுகு, கம்பில் ஒட்டியிருந்த ஒளிப்பட்டைக்கும் கீழே. நேரில் பார்த்தால் அந்தப் பட்டை அவன் முழங்காலுக்குக் கூட வரவில்லை. பூமா என்றால் தோள் அவன் தொடையைத் தொட வேண்டும். நல்ல ஆண் பூமாவை அவன் பக்கத்தில் நீட்டிப் படுக்க வைத்தால் அவன் முடிந்த பிறகும் அதன் வால் மிஞ்சும்.

பிலேந்திரன் இன்னும் அந்தக் கம்பருகில் நிற்க, எதிர் வீட்டு வாசலில் ஒரு நோர்வேக் கிழவி "புஸ், புஸ்" என்று கூப்பிட்டாள். வேலிக்குள்ளிருந்து அதே மண்ணிற உடம்பு, அதே தடித்த வால் வெளியே வந்தது. கழுத்தில் பச்சைப் பட்டி. வயிறு முட்டத் தின்று கொழுத்த வீட்டுப் பூனை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் குழுவைத் திறந்தான். அதற்குள் குழுவில் இருந்த அருட்செல்வம் என்பவன் ஒரு குரல்பதிவு போட்டிருந்தான். "பிலேந்திரன் அண்ணை சொன்னது சரி. விடியப்புறம் நான் பல்கனியிலை நிக்கேக்கை கர்ச்சனை கேட்டது. நெஞ்சு பதறிப் போச்சு." பூமா சிங்கம் போலக் கர்ச்சிக்காது, அதற்கு அந்தத் தொண்டையே இல்லை என்று பிலேந்திரன் அதற்குள் தேடி வாசித்திருந்தான். பூமா வாழும் நாடுகளிலேயே அது மனிதரின் கண்ணில் படுவது அருமை. ஆராய்ச்சிக்காரர்கள் மரங்களில் கமரா கட்டி வைத்துக் காத்துக் கிடக்கிறார்கள். அருட்செல்வம் கதை அளக்கிறான் என்று தெரிந்தது. எப்படிச் சொல்வது? அந்தப் பொய்யைப் பெற்றவனே இவன்தானே. போனை மூடி வைத்தான்.

இப்போது மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. கிருஷ்ணகுமாரி.

"அவசர சிகிச்சைக்கு வந்திருக்கிறன்," என்றாள். குரலில் அழுகை இல்லை, களைப்புத்தான் இருந்தது. "வாங்கோ."

அவன் போய்ச் சேர்ந்தபோது, நிறைந்து கிடந்த மண்டபத்தின் மூலையில் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மணிக்கட்டு வீங்கி ஊதா நிறமாகியிருந்தது.

"முதல் பஸ் பிந்திப் போச்சு. மற்ற பஸ் வெளிக்கிடப் போகுது. பஸ்ஸுக்குள்ளை வழுக்குமெண்டு முள்ளுப் பட்டையைக் கழட்டிப் பைக்குள்ளை வைச்சிட்டன். திருப்பிப் பூட்ட நேரமில்லை, ஓடினன், வழுக்கி விழுந்திட்டன்." கையைப் பார்த்தாள். "முறிஞ்சு போச்சு எண்டு சொல்லினம்."

"லீடர்?"

"கை சுகமானாப் பிறகு பாப்பமாம். அதுக்குள்ளை வேறை ஆளைப் போட்டிடுவா. எனக்குத் தெரியாதோ?"

பிலேந்திரன் நிலத்தைப் பார்த்தான். இனி விழுங்கத் தேத்தண்ணீர் இல்லை.

"குமாரி, அது பூனை."

அவள் திரும்பவில்லை.

"எப்ப தெரியும்?"

"மூண்டாம் நாளே."

எதிரில் ஒரு குழந்தை அழுதது. தாதி ஒருத்தி யாரோ ஒருவரின் பெயரைக் கூப்பிட்டாள். அவள் ஏசுவாள் என்று அவன் காத்திருந்தான். ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

"காலமை வாசல்லை வைச்சுக் கேட்டனான்," என்றாள் கடைசியில்.

அவன் போனை எடுத்தான். வெட்டாத படத்தைக் கம்போடு குழுவில் போட்டான். "நான் கண்டது வீட்டுப் பூனை. பூமா இல்லை. தெரிஞ்சும் சொல்லாமல் இருந்திட்டன். பிழை என்ரை. காட்டுப் பாதையாலை பயமில்லாமல் போங்கோ." அனுப்பினான்.

உடனே பதில் வந்தது. அருட்செல்வம். "அண்ணை, ஆரும் வெருட்டினவையோ? நான் என்ரை காதாலை கேட்டனான். பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கோ." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

பிலேந்திரன் போனை அவளுக்குக் காட்டினான். கிருஷ்ணகுமாரி வாசித்தாள். சிரிப்பு வரப் பார்த்தது. கை வலித்ததால் நின்றுவிட்டது.

"பிழை உங்களிலை மட்டுமில்லை," என்றாள். "நானும் அந்தப் படத்தை வேலையிடத்துத் தமிழ்ப் பிள்ளையளுக்கு அனுப்பினனான். ஒருத்தியும் 'நீ கண்டனியோ?' எண்டு கேக்கேல்லை. நானும் உங்களைக் கேக்கேல்லை, இண்டைக்குக் காலமை வரைக்கும். தெரியாததைத் தெரியாது எண்டு சொன்னா ஒரு குறையும் வராது. தெரிஞ்ச பிறகும் பேசாமல் இருந்தா, ஆரோ ஒராள் கையை முறிக்க வேண்டி வருது."

"இப்ப நான் சொன்னாலும் நம்பினமில்லையே."

"எழுதினா நம்பாயினம். ஒவ்வொருத்தரா எடுத்துக் கதையுங்கோ. பொய்யைப் பரப்ப ஒரு விரல் காணும். அதைத் திருத்த வாய் நோகக் கதைக்க வேணும்."

அவள் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிலேந்திரன் அருட்செல்வத்தின் இலக்கத்தை அழுத்தினான். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.