தங்கச்சாமி ஓடியது

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஒரு கடல் படத்தால் என்னிடம் வந்து சேர்ந்தது.

1966-இல் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தேன். காலண்டர் சீசன். அந்த வருடத்துப் படங்களில் ஒன்றில் கடல், பாறை, உதிக்கிற சூரியன். தாள் அடுக்க வந்த பெண்களில் ஒருவர் அதைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பாறை சரியில்லையே சார். இதுல எங்கன காலு வைக்கிறது?" என்றார்.

கரிசல்காட்டுப் பெண், பாறையைப் பார்த்ததும் கால் வைக்க இடம் தேடுகிறார். எனக்கு அது புதிதாக இருந்தது. விசாரித்தேன். பெயர் ஆவுடைத்தாய். மதியச் சாப்பாட்டு வேளைகளில், ஒன்பது நாள், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கடைசி நாளில், "எழுதிக்கோங்க. ஆனா எல்லாத்தையும் எழுதிராதீக" என்றார். எதை விட வேண்டும் என்றும் அவரே சொன்னார். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

(நேரில் 'அக்கா' என்று கூப்பிட்டவரைக் கதையில் 'அவள்' என்று எழுதக் கை கூசுகிறது. 'அவர்' என்று எழுதினால் எட்டி நிற்கிறார். எனக்கு அவள் பக்கத்தில் நின்றாக வேண்டும். அக்கா மன்னிக்கட்டும்.)

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

'ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்த ஒரு காலையில் தங்கச்சாமி' — வேண்டாம். காற்றில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவிடுகிறவன்.

'தங்கச்சாமி ஓட ஆரம்பித்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்று' — எந்த ஓட்டம்? அங்கேதான் சிக்கலே.

'1959, புரட்டாசி. ஆவுடைத்தாய் வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.'

இது நிற்கும். இதிலிருந்தே போகலாம்.

ஆமத்தூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். அந்தப் பக்கத்தில் வெடிச்சத்தம் யாருக்கும் புதிதில்லை. ஆனால் அன்றைய சத்தம் தரை வழியாக வந்தது. பசைக் கிண்ணம் அதிர்ந்தது. அவள் எழுந்துவிட்டாள். அவளுடைய கணவன் தங்கச்சாமியும், அவள் அண்ணன் கருப்பணனும் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே அறையில், மருந்து இடிக்கிறவர்கள்.

தெரு முழுக்கக் கம்பெனிப் பக்கம் ஓடியது. எதிரே ஓடி வந்தது ஒரே ஓர் ஆள். தங்கச்சாமி. சட்டைகூடக் கருகவில்லை.

"தாலியத் தொட்டுப் பாத்தேன் சார்" என்றார் ஆவுடைத்தாய் என்னிடம். "உடம்பெல்லாம் குளுந்துபோச்சு. அம்புட்டு சந்தோசம். அதுக்கப்புறந்தான் எங்க அண்ணன் நெனப்பே வந்துச்சு."

"அண்ணன எங்க?" என்று கேட்டாள்.

தங்கச்சாமி அப்போதுதான் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார்.*

*வேலைக்குச் சேருகிற நாளிலேயே போர்மேன் சொல்லிவைப்பார்: தீ என்றால் ஓடு, திரும்பிப் பார்க்காதே, நின்றவன் இரண்டாவது பிணம். தங்கச்சாமி சொன்னபடி செய்தார். இதை அடிக்குறிப்பாகத்தான் எழுத முடிகிறது. கதைக்குள் வைத்தால் வக்கீல் பேச்சு மாதிரி இருக்கிறது.

கருப்பணன் சாகவில்லை. இரண்டு கால்களும் வெந்து போயின.

3

விருதுநகர் ஆஸ்பத்திரியில் கருப்பணன் ஐந்து மாதம் கிடந்தார். ஊரிலிருந்து ஒன்பது மைல். ஆவுடைத்தாய் கஞ்சி காய்ச்சித் தூக்குச்சட்டியில் ஊற்றுவாள். தங்கச்சாமி வாங்கிக்கொண்டு ஓடுவார். பஸ்ஸில் ஊர்க்காரர்கள் இருப்பார்கள். 'மச்சான விட்டுட்டு ஓடியாந்தவன்' என்று அவர்கள் சொல்லக்கூட வேண்டாம், நகர்ந்து இடம் கொடுத்தாலே போதும், அவரால் தாங்க முடியாது. ஓடினால் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

வார்டுக்குள் அவர் போனதில்லை. வாசலில் ஞானதீபம் என்ற நர்சிடம் சட்டியைக் கொடுப்பார். முந்தின நாள் சட்டியை வாங்குவார். திரும்ப ஒன்பது மைல்.

ஞானதீபம் முட்டத்துக்காரர், கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். ஆவுடைத்தாய் அண்ணனைப் பார்க்க வந்த ஒரு நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒங்க வீட்டுக்காரரு எத்தன மணிக்கு வீட்ட விட்டுக் கெளம்புதாரு?"

"ஆறரைக்கு நர்சம்மா. ஏன், எதும் தப்பா நடந்துக்கிட்டாகளா?"

"ஏழே முக்காலுக்கு இங்க நிக்காரு. கஞ்சி சிந்தல, ஆறவும் இல்ல. பஸ்ஸு எட்டு மணிக்குத்தான் வருது, பாத்துக்கிடுங்க."

மாசியில் கருப்பணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு ஞானதீபம் ஆவுடைத்தாயின் கையில் ஒரு நோட்டீசைத் திணித்தார். தன் ஊர்ப் பக்கத்து வாலிபர் சங்கம் அடுத்த தை மாதம் நடத்தப்போகும் 'மராத்தான் ஓட்டம்'. இருபத்தாறு மைல், கடலோரமாகவே. மணல், பாறை, தேரி என்கிற செம்மணல் குன்று, மேடு, மறுபடியும் பாறை. (அந்தச் சங்கத்தைத் தேடிப் போகாதீர்கள். கதைக்கு வெளியே கிடைக்காது.)

"மராத்தான்னா? மராட்டியக்காரவுக ஓட்டமா?"

ஞானதீபம் சிரித்துவிட்டார். "யாரும் ஓடலாம்மா. மூச்சு இருந்தாப் போதும்."

தங்கச்சாமி நோட்டீசை எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஓடுனதுக்கு ஏற்கெனவே பேரு வாங்கியாச்சு. இன்னும் வேற வேணுமாக்கும்" என்று மடித்து வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "மேடுன்னு போட்டிருக்கே. எம்புட்டு மேடு?"

4

பார்த்தே இராத கடலுக்கு ஒருவர் எப்படித் தயாராவது?

இந்தப் பகுதியை எழுதும்போதுதான் எனக்கு மிகவும் சந்தோசமாக இருந்தது, அதனால் நீட்டிவிட்டேன். பாதியை அடித்த பிறகு மிஞ்சியது இது. மணலுக்கு அர்ச்சுனா நதி. வருடத்தில் பத்து மாதம் அதில் மணல்தான் ஓடும். மேட்டுக்குத் திருத்தங்கல் மலை; தோளில் அரை மூடைப் பருத்திக்கொட்டையோடு ஏறி இறங்குவார். பாறைக்கு ரயில் தண்டவாளத்து ஜல்லிக் கல். காற்றுக்கு ஆடி மாதம்; எதிர்க்காற்றாகப் பார்த்து ஓடினார். கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், விடிந்ததும் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவார்.

ஞானதீபம் கார்டு போடுவார். 'ஈர மணலில் ஓடச் சொல்லுங்கள், காய்ந்த மணல் காலை இழுக்கும். பாறையில் பச்சை தெரிந்தால் மிதிக்கக் கூடாது. உப்புக் காற்றில் தொண்டை வறளும்.' ஆவுடைத்தாய் அதை வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து இரண்டு முறை கேட்டு மனப்பாடம் செய்வாள். தொண்டை வறளும் என்று வந்த நாளிலிருந்து உப்புப் போட்ட கம்பங்கூழை மட்டும் குடித்துவிட்டு ஓடச் சொன்னாள், பழகட்டும் என்று. காலுக்கு நல்லெண்ணெய், கைக்குக் கருப்பட்டித் துண்டு. அவர் ஓடும் கரையில் தண்ணீர்ச் செம்போடு நிற்பாள்.

கிணற்றடியில் ஒருநாள் பஞ்சம்மாள் என்ற பக்கத்து வீட்டுக்காரி யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "அண்ணன் நொண்டிக்கிட்டுக் கெடக்கான். புருசன் மெடல் வாங்க ஓடுதான். நல்ல குடும்பம்."

ஆவுடைத்தாய் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பதில் இல்லாமல் இல்லை. அவர் ஓடி வந்தது நல்லதாகப் போயிற்று, நின்றிருந்தால் எனக்கு அவர் இல்லை — இதுதான் பதில். இதைப் பஞ்சம்மாளிடம் சொல்லாதது பெரிதில்லை. தங்கச்சாமியிடமே அவள் சொன்னதில்லை. சொன்னால் அண்ணனின் கால்கள் அவளுக்கு ஒரு பொருட்டில்லை என்றாகிவிடும். சொல்லாமல் இருந்தால், அவளும் ஊரோடு சேர்ந்து நினைக்கிறாள் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டே ஓடுவார். நினைத்துக்கொண்டுதான் ஓடினார்.

செம்பைத்தான் நீட்ட முடிந்தது.

5

கருப்பணனைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

என் முதல் பிரதியில் அவரைச் சிடுசிடுப்பான ஆளாக எழுதியிருந்தேன். கட்டிலில் கிடந்து சுவரைப் பார்ப்பவர், தங்கை கொண்டுவந்த சோற்றைத் தள்ளுகிறவர். அச்சகத்தில் ஆவுடைத்தாயிடம் வாசித்துக் காட்டினேன்.

"இது யாரு?" என்றார்.

"உங்க அண்ணன்."

"எங்க அண்ணன் சோத்தத் தள்ளுனதே இல்ல சார். சீட்டாட ஆள் கெடைக்கலேன்னுதான் மொணங்குவாக. சிரிச்ச மொகம். எங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும் பேச்சில்ல. கோவம்னு சொல்ல முடியாது. என்ன பேசன்னு தெரியல, அம்புட்டுத்தான்."

அந்தப் பக்கங்களைக் கிழித்தேன்.

மழை தள்ளிப்போன அந்த ஐப்பசியில் ஒரு காலை. கருப்பணன் கம்பை ஊன்றி, முட்டி நீளாத கால்களை இழுத்து இழுத்து, ஆற்றுக்குள் இறங்கினார். அவர் வருவதை ஓடிக்கொண்டிருந்த தங்கச்சாமி பார்த்தார், நின்றுவிட்டார். இருவரும் மணலில் உட்கார்ந்தார்கள். கரையில் நின்ற ஆவுடைத்தாய்க்கு எதுவும் கேட்கவில்லை.

என்ன பேசினார்கள்? நான் மூன்று விதமாக எழுதினேன்.

அ) "ஏன் மாப்ளே நிக்கல?" "பயந்துட்டேன் மச்சான்." (அளவான உரையாடல். இரண்டு பேரும் அழுகிறார்கள். மேடை நாடகம்.)

ஆ) "ஓடுன்னு கத்துனதே நாந்தான மாப்ளே. ஒனக்குக் கேக்கலயா?" (எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்தது. இது உண்மையா, இல்லை மாப்பிள்ளைக்காகக் கருப்பணன் சொன்ன பொய்யா? இல்லை, இரண்டு பேருக்காகவும் நான் சொன்ன பொய்யா?)

இ) மழையைப் பற்றிப் பேசினார்கள்.

மூன்றாவதைச் சொன்னதும் ஆவுடைத்தாய் யோசித்தார். "அம்புட்டு நேரம் மழையப் பத்தியா பேசுவாக?" என்றார். பிறகு அவரே, "பேசுவாக. ஆம்பிளைக பேசுவாக" என்றார்.

அவர் கண்ணால் கண்டது ஒன்று உண்டு. பேச்சு முடிந்ததும் கருப்பணன் கையை நீட்டித் தங்கச்சாமியின் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாதத்தைப் புரட்டிப் பார்த்து, நெருஞ்சி முள் ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். தங்கச்சாமி மற்றக் காலையும் நீட்டினார்.

மதியம் தங்கை வீட்டுக்கு வந்தவர் வாசலிலிருந்தே சத்தம் போட்டார்: "ஏ ஆவுடை, மாப்ள காலு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. நீ எண்ணெய் தேய்க்க லட்சணம் இதானா?"

6

தை மாதம் மூவரும் போனார்கள். விருதுநகரிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில், அங்கிருந்து பஸ். கருப்பணனின் கால்களுக்கு இடம் வேண்டும் என்று கடைசி நீள சீட்டைப் பிடித்தார்கள்.

ஓட்டத்தைப் பற்றி ஏழு பக்கம் எழுதினேன். பத்தொன்பதாவது மைலில், தேரி மேட்டில், முன்னால் ஓடிய ஒருவன் மயங்கி விழுகிறான். தங்கச்சாமி நிற்கிறார். இந்த முறை நிற்கிறார். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு —

கிழித்துவிட்டேன். நல்ல பக்கங்கள்; கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் அவர் இன்று நிற்பது சரி என்றால் அன்று ஓடியது தப்பு என்று ஆகிறது. கிணற்றடியில் பஞ்சம்மாள் சொன்னதையே நானும் ஏழு பக்கத்தில், அழகாக, சொல்லியிருந்தேன்.

உண்மையில் யாரும் விழவில்லை. முப்பத்து நான்கு பேர் ஓடினார்கள். தங்கச்சாமி பதினோராவதாக வந்தார். பாறைகளில் பின்தங்கி, மணலில் ஆறு பேரை முந்தினார். முடிந்ததும் நேராகக் கடலுக்குள் போய் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வர மாட்டேன் என்றாராம். கருப்பணன் கரையிலிருந்து, "மாப்ளே, பஸ்ஸு போயிரும்!" என்று கத்தினாராம். பிறகு காட்டு வேலை, இரண்டு பெண் குழந்தைகள். மறுபடி எந்தப் போட்டிக்கும் அவர் போகவில்லை. காலையில் ஆற்றுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு இடத்தைத் தாண்டி வந்துவிட்டேன். திரும்பிப் போக வேண்டும்.

7

ஓட்டம் தொடங்குவதற்கு முன். காலை ஆறு மணி. கடல் அவர்கள் நினைத்ததைவிடச் சத்தமாக இருந்தது. ஆட்கள் வரிசையில் நின்றார்கள்; தொடங்கிவைக்க விசிலோடு ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலருக்குக் கான்வாஸ் சப்பாத்து, தங்கச்சாமிக்கு வெறும் கால். கருப்பணன் கொஞ்சம் தள்ளி ஒரு கட்டுமரத்தில் சாய்ந்து, மீனவர் ஒருவரிடம் வலையைப் பற்றி எதையோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆவுடைத்தாய் கயிற்றைத் தாண்டி வரிசைக்குள் போனாள். ஒருவர் தடுத்தார். "ஒரு நிமிசம், இந்தா வந்துருதேன்" என்று போய்விட்டாள். கணவனுக்கு முன்னால் நின்றாள். அந்த வெடிக்குப் பிறகு ஒன்றரை வருடத்துக்குக் கிட்டே ஆகியிருந்தது. திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவர் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன் சார்" என்றார் அச்சகத்தில். "நாலே வார்த்த."

"என்னக்கா சொன்னீங்க?"

"அதத்தான் எழுத வேண்டாங்கேன். மத்தது எல்லாம் நடந்தது. அது மட்டும் சொன்னது."

நான் இன்றுவரை பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதிப் பார்த்துவிட்டேன். எல்லாம் நாலு வார்த்தைக்குள் அடக்கப் பார்த்தவை. 'நீங்க ஓடியாந்தது எனக்கு நல்லதாப்போச்சு' — அடித்தேன். அண்ணன் காதில் விழுந்தால்? 'அன்னைக்கே எனக்குச் சந்தோசந்தான்…' — நாலு வார்த்தைக்குள் முடியவில்லை. எல்லாமே என் வாக்கியங்கள். அவற்றை எழுதியபோது என் அண்ணன் யாரும் ஐந்தடி தள்ளி, நீட்ட முடியாத காலோடு சாய்ந்து நிற்கவில்லை.

உங்களுக்கு அப்படி யாராவது இருக்கலாம். ஓடி வந்ததால் மட்டுமே உங்களுக்கு மிஞ்சிய ஒருவர். அவருக்குப் பின்னால், ஓட முடியாமல் போன இன்னொருவர். இருவர் மேலும் பாசம் குறையாத நாலு வார்த்தை உங்களிடம் இருந்தால், அந்த இடத்தில் நீங்கள் போய் நில்லுங்கள். விசில்காரர் இன்னும் கடிகாரத்தைத்தான் பார்க்கிறார். தங்கச்சாமி குனிந்து கால்விரலால் மணலைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். முன்னால் நிழல் விழுந்ததும் தலையை நிமிர்த்துகிறார்.