எல்லப்பன் மேடு

தங்கை கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்து பார்த்தால், நான் பார்த்துப் பார்த்து வெட்டிய பள்ளம் மூடிக் கிடந்தது. செம்மண் கொட்டித் தோசைக்கல் மாதிரி சமப்படுத்தி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் அதில் கும்பிட்டுக்கொண்டிருந்தார். 'பள்ளத்தை மேடாக்கிய பண்பாளர் எல்லப்பன் அவர்களுக்கு ஊர் நண்பர்களின் நன்றி.'

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அது அங்கேயும் நிற்கவில்லை.

நான் சுபஸ்ரீ. பூங்கா, மைதானம், குளக்கரை இவற்றை வடிவமைப்பது என் தொழில். "ஓ, செடி வைக்கிறவங்களா?" என்று கேட்பவர்களிடம் சண்டை போடுவது உபதொழில். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில், ஒரு பெண்கள் விடுதிக்கும் ஊர்த் தெருவுக்கும் நடுவே கொஞ்சம் புறம்போக்கு நிலம் குப்பையும் கருவேலமுமாகக் கிடந்தது. ஒரு தொழிற்சாலை செலவை ஏற்றுக்கொண்டது, பஞ்சாயத்து இடம் தந்தது, நான் வரைந்து கொடுத்தேன். சுற்றிலும் புங்கனும் நீர்மருதும். நடுவில் கிண்ணம் போல ஒரு பள்ளம், இறங்கி உட்கார வட்டமாகக் கருங்கல் படிகள். வெயில் காலத்தில் பந்து விளையாடலாம், கதை பேசலாம். மழைக்காலத்தில் ரோட்டுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து அங்கே தங்கும், மிஞ்சியது ஏரிக்குப் போகும். யார் தயவும் இல்லாமல் நான் தனியாகச் செய்த முதல் வேலை அதுதான். பள்ளம் வெட்டி முடித்து, படிக்கு வேண்டிய கற்களை ஓரமாக அடுக்கிவிட்டுத்தான் கல்யாணத்துக்குப் போயிருந்தேன்.

பேனரைப் படித்து முடிப்பதற்குள் அதிலிருந்த ஆளே பைக்கில் வந்து இறங்கினார். எல்லப்பன் அந்த ஊர்க்காரர். விவசாயக் குடும்பம், இப்போது சொந்தமாக ஜேசிபி வைத்து ஓட்டுகிறார். முகமெல்லாம் பல்.

"எப்படி கீது மேடம்? நீங்க வர்றதுக்குள்ள முடிச்சுடணும்னுதான் வேற வேலைய எல்லாம் வுட்டுட்டு ஓட்னேன். காசு கீசுன்னு பேசாதீங்க. பொண்ணுங்க பொழங்குற எடம், இது என் கணக்கு."

"யாரைக் கேட்டு மூடுனீங்க?"

"இன்னாத்த கேக்கறது? கான்ட்ராக்டர் பாதியில வுட்டுட்டு ஓடிட்டான்னு ஊரே பேசிகினு இருந்துச்சு. தொறப்பு விழாவுக்கு வர்றவங்க குழியில வுழுந்து எழுந்தா நமக்குத்தான அசிங்கம்?"

"அது குழி இல்லைங்க. அதுதான் டிசைனே."

"குழியா டிசைனு?"

காய்ச்சலில் உளறுகிறவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், எனக்கு வாய் நிற்கவில்லை. "மண்ணைக் கொட்டறதைத் தவிர வேற எதுவும் தெரியாதா உங்களுக்கு? தலைக்குள்ளயும் அதையேதான் கொட்டி வச்சிருக்கீங்களா?" என்று ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். எல்லப்பன் முகம் தொங்கிப்போயிற்று. பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று எனக்கும் தெரியும். இந்தப் பக்கம் யார் மனை வாங்கினாலும் முதல் வேலை மண்ணடிப்பதுதான். பக்கத்து மனைக்காரர் ஓர் அடி உயர்த்தினால் இவர் ஒன்றரை அடி உயர்த்துவார். இப்படி ஆளாளுக்கு உயர்த்திக்கொண்டே போனால் மழைத் தண்ணீர் எங்கே போகும்? உயர்த்திக்கொள்ள முடியாதவர் வீட்டைத் தேடிப் போகும். இந்தத் தெருவில் அது பாண்டிச்செல்வியின் அறை.

பாண்டிச்செல்விக்குத் தென்காசிப் பக்கம். மொபைல் போன் செய்யும் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நிற்கிறாள். விடுதியின் கீழ்த்தளத்தில் ஒரே அறையில் அவளோடு சேர்த்து ஆறு பேர். போன மழையில் தண்ணீர் உள்ளே புகுந்து கட்டில் வரைக்கும் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அவள் கட்டில் கால்கள் செங்கல் மேல்தான் நிற்கின்றன. நான் வரைபடத்தை விரித்துக் காட்டி, இந்த வருஷம் உன் அறைக்குத் தண்ணீர் வராது என்று பெரிதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

சத்தம் கேட்டு அவள்தான் வெளியே வந்தாள். மூடிய பள்ளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எக்கா, கட்டிலுக்கு இன்னொரு வரிசை செங்கல் வச்சிரட்டுமா?"

"வேண்டாம், இரு" என்று போனை எடுத்தேன்.

"இந்தத் தடவையும் தண்ணி வந்துச்சுன்னா கீழ் ரூமை குடோனாக்கிருவேன்னு ஓனர் சொல்லிட்டாருக்கா. அப்புறம் நாங்க ஆறு பேரும் ஆளுக்கொரு மூலைக்குப் போவணும். அதான் கேக்கேன்" என்றாள்.

பள்ளத்தை மறுபடி தோண்ட, சுங்குவார்சத்திரம் முதல் தண்டலம் வரை தெரிந்த ஜேசிபிக்காரர்களை எல்லாம் போனில் பிடித்தேன். ஒருவரும் கிடைக்கவில்லை. மழைக்கு முன்னால் எல்லோருக்கும் மண்ணடிக்க வேண்டுமாம். வடக்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் எல்லப்பன் வீட்டுக்கே போனேன்.

வாசலில் ஜேசிபியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மொதல்ல சாரி சொல்லுங்க" என்றார், சக்கரத்தைப் பார்த்து.

"சாரி."

"மனசார சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் முறையும் சொன்னேன். அதற்கப்புறம் தண்ணீர் வருகிற வழியையும், பாண்டிச்செல்வியின் செங்கல்லையும், குடோன் விஷயத்தையும் சொன்னேன். துணி அவர் கையிலேயே நின்றுவிட்டது.

"மெய்யாலுமா? அந்தப் பொண்ணுங்க ரூமுக்கா?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா எப்படி மேடம்? போட்ட மண்ண நானே வாரினா ஊரு சிரிக்குமே. பேனர் வேற வச்சுட்டானுங்க. பள்ளத்த மேடாக்கினவன்னு போட்டுகினு நானே பள்ளம் தோண்டுனா, எந்த மூஞ்ச வச்சிகினு டீக்கடைக்குப் போறது?"

பேனரை நினைத்ததும் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது.

"மண்ணை எங்கேயும் கொண்டுபோக வேண்டாம். தோண்டி எடுத்துப் பக்கத்திலேயே தெருப்பக்கமா குவிச்சிடுங்க. பேனரில் மேடுன்னுதானே போட்டிருக்கு? மேடு இருக்கும். உங்க பேரையே வச்சிடலாம்."

எல்லப்பன் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"எவ்ளோ ஒசரம்?"

"ஆள் உயரம் போதும்."

எந்த ஆளை அளந்தாரோ தெரியவில்லை, வேலை முடிந்தபோது அது விடுதியின் முதல் மாடி ஜன்னலை எட்டிப் பார்த்தது. நான் கத்தப் போனேன். அதற்குள் ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு உச்சிக்கு ஏறிவிட்டார்கள். அங்கே காற்று பிய்த்துக்கொண்டு போகிறது என்று மேலிருந்து கூவினார்கள். என் பூங்காவில் காற்றுக்கென்று நான் ஓர் இடமும் யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு சரிவைக் குறைக்கச் சொன்னேன். சுற்றிலும் வெட்டிவேர் நட்டோம். பள்ளத்தில் கருங்கல் படிகளும் உட்கார்ந்தன. பேனர் மேட்டின் உச்சிக்கு ஏறியது.

மழை ஒரு காலை நேரத்தில் பிடித்தது, கொட்டு கொட்டென்று கொட்டியது. நான் குடையோடு வாய்க்கால் ஓரம் நின்றேன். எல்லப்பன் சிமெண்டு சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தன் மேட்டடியில் நின்றார். ரோட்டுத் தண்ணீர் செந்நிறமாகச் சுழித்து வந்தது. வாய்க்கால் முனையில் ஒரு கணம் தயங்கியது, அப்புறம் திரும்பிப் பள்ளத்துக்குள் இறங்கியது. அந்த ஒரு கணத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கருங்கல் படிகள் ஒவ்வொன்றாக முழுகின.

"மேடம், ரொம்பிகினே போவுதே" என்றார் எல்லப்பன்.

"ரொம்பட்டும்ங்க. அதுக்குத்தான் வெட்டினோம்."

மத்தியானம் முதல் ஷிப்ட் முடிந்து பஸ் வந்து நின்றபோது மழை விட்டிருந்தது. பெண்கள் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இறங்கிய பிறகுதான் கீழே பார்த்தார்கள். தரை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். பாண்டிச்செல்வி அறைக்கு ஓடினாள்.

கொஞ்ச நேரம் அவளைக் காணவில்லை. பின்பக்கமாகப் புகுந்திருக்குமோ என்று நான் விடுதியை நோக்கி நடக்க ஆரம்பித்தபோது அவளே வந்தாள். நாலு செங்கல்லையும் மார்போடு அணைத்துக்கொண்டு, சுடிதாரெல்லாம் செம்பொடி.

"எக்கா, என் கட்டிலு தரையில நிக்கி" என்றாள். முகம் சிரித்தது, கண் கலங்கியிருந்தது. "இது இனி எனக்கு எதுக்கு? மேட்டுல ஏறுதப்போ காலு வழுக்குதுல்லா, படிக்கு ஆவும்."

எல்லப்பன் சாக்கை வீசிவிட்டு அவள் கையிலிருந்து ஒரு செங்கல்லை வாங்கினார். மேட்டடியில் ஈர மண்ணைக் குதிகாலால் குழித்து, அதைப் பதித்து, மேலே ஏறி நின்று பார்த்தார். அசையவில்லை. அடுத்ததற்குக் கை நீட்டியவர், திடீரென்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டுக்கறேன் மேடம், இல்லாட்டி அப்பால கத்துவீங்க. டிசைன்ல இங்க படி கீதா?"

என் வரைபடத்தில் அந்த மேடே கிடையாது.

"இருக்கு, போடுங்க" என்றேன்.